ஆரம்ப சுகாதார நிலையத்தில் மனநலப் பணி

மனநோய் என்றதும் உயர்ந்த மதிற்சுவரும் பூட்டிய வாயிற்கதவும் கொண்ட மருத்துவமனையே பலர் நினைவிற்கு வருகின்றது. இவ்வெண்ணம் பொதுமக்களிடம் மட்டும் உள்ளதன்று. திட்டம் தீட்டுவோரிடமும் நிதி ஒதுக்குவோரிடமும் நெடுங்காலம் நிலவி வந்ததாகும். ஆனால், மனநோயுற்றோரில் மிகப் பெரும்பாலோர் அம்மதிலுக்குள் ஒருநாளும் காலடி வைப்பதில்லை. அவர்கள் தத்தம் ஊரிலேயே, குடும்பத்தினரிடையேயே வாழ்கின்றனர். அவர்களுக்கு மிக அருகில் உள்ள அரசு மருத்துவர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவ அலுவலரே ஆவார். எனவே, மனநல மருத்துவத்தை அந்நிலையத்தின் அன்றாடப் பணிகளுள் ஒன்றாக ஆக்குவது எவ்வாறு என்பது, வருவாய் குறைந்த நாடுகள் அனைத்தின் முன்னும் உள்ள கேள்வியாகும்.

இக்கேள்விக்கு விடை காண முற்பட்ட முன்னோடி நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. ஏறக்குறைய ஐம்பது ஆண்டு அனுபவம் இத்துறையில் திரண்டுள்ளது. அதில் வெற்றியும் உண்டு; தேக்கமும் உண்டு. இரண்டிலிருந்தும் பெறத்தக்க பாடங்களை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

படுக்கைகளை எண்ணிய காலம்

விடுதலைக்கு முன்னர், 1946-ஆம் ஆண்டில் அறிக்கை அளித்த போர் குழு, நாட்டின் மனநோய் மருத்துவமனைகளையும் கணக்கெடுத்தது. அன்று ஏறக்குறைய 40,000 மக்களுக்கு ஒரு படுக்கை என்ற அளவிலேயே மனநோயாளிகளுக்கு இடவசதி இருந்தது. இங்கிலாந்திலோ ஏறத்தாழ 300 பேருக்கு ஒரு படுக்கை இருந்தது. இவ்விடைவெளியைக் கட்டடங்கள் எழுப்பியே நிரப்புவது என்றால் நாட்டின் சுகாதார நிதி முழுவதும் அதற்கே போதாது என்பதை விளக்க வேண்டியதில்லை.

மருத்துவப் பயிற்சிக்கான நிறுவனங்கள் அடுத்த ஆண்டுகளில் உருவாயின. 1954-இல் பெங்களூரில் அகில இந்திய மனநல நிறுவனம் தொடங்கப்பட்டது. அதுவே அங்கிருந்த மனநோய் மருத்துவமனையுடன் இணைந்து, 1974-இல் நிம்ஹான்ஸ் எனப்படும் தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமாக வளர்ந்தது. இதே காலத்தில் வேறொரு பாடமும் கிடைத்தது. 1950-களில் அமிர்தசரஸ் மருத்துவமனையின் பொறுப்பில் இருந்த டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் குடும்பத்தினரை வரவழைத்து, மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்களில் உடன் தங்கச் செய்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்திலும், 1957-இல் அது தொடங்கிய காலம் முதல், குடும்பத்தார் நோயாளியுடன் தங்கும் முறை கடைப்பிடிக்கப்பட்டது. நோயைப் பற்றிய விளக்கத்தைப் பெற்ற குடும்பம் நோயாளியை வீட்டிலேயே பேண வல்லது என்பதை இம்முயற்சிகள் உணர்த்தின. குளோர்புரோமசின் முதலிய மருந்துகள் 1950-களில் புழக்கத்திற்கு வந்தமையால், கடுமையான மனநோயையும் வீட்டில் வைத்தே கட்டுப்படுத்துதல் இயல்வதாயிற்று.

மருந்து உண்டு, பேணக் குடும்பமும் உண்டு. மருந்தை எழுதித் தர மருத்துவர்தாம் இல்லை. இந்நிலை இன்றும் முற்றிலும் மாறிவிடவில்லை. 2015-16-ஆம் ஆண்டுகளில் 12 மாநிலங்களில் நடத்தப்பெற்ற தேசிய மனநல ஆய்வின்படி, கேரளத்தில் ஒரு இலட்சம் மக்களுக்கு 1.2 மனநல மருத்துவர்கள் இருந்தனர். மத்தியப் பிரதேசத்தில் அவ்வெண் 0.05 மட்டுமே. அதாவது, 20 இலட்சம் மக்களுக்கு ஒரு மருத்துவர். அவர் நாள்தோறும் ஓய்வின்றி உழைத்தாலும் தம் பொறுப்பில் உள்ள மக்களில் சிறு பகுதியினரையே காண இயலும். ஆகவே, மனநலப் பணியைப் பொதுச் சுகாதாரப் பணியாளர்களிடம் பகிர்ந்தளிப்பது இந்தியா போன்ற நாடுகளுக்கு ஒரு விருப்பத் தேர்வன்று. வேறு வழி இன்மையால் ஏற்பட்ட கட்டாயமாகும்.

முதற் சோதனைகள்

உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 1975-இல் வெளியிட்ட அறிக்கை இக்கருத்தையே வலியுறுத்திற்று. வளரும் நாடுகளில் மனநலப் பணி தனித்து நில்லாமல் பொதுச் சுகாதாரப் பணியோடு இணைய வேண்டும் என்றும், சிறப்புப் பயிற்சி பெறாத பணியாளர்களுக்கும் வரையறுத்த சில பணிகளைக் கற்பிக்க வேண்டும் என்றும் அது கூறிற்று. ஏறக்குறைய அதே காலத்தில் இந்தியாவின் இரு இடங்களில் சோதனை முயற்சிகள் தொடங்கின. ஒன்று, பெங்களூருக்கு அருகில் உள்ள சக்கலவாராவில் நிம்ஹான்ஸ் நிறுவனம் மேற்கொண்டது. மற்றொன்று, சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் அரியானாவின் ராய்ப்பூர் ராணி வட்டாரத்தில் மேற்கொண்டது. பின்னது, பிரேசில், கொலம்பியா, எகிப்து, இந்தியா, பிலிப்பைன்ஸ், செனகல், சூடான் ஆகிய ஏழு நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய கூட்டாய்வின் ஒரு பகுதியாகும்.

அக்கூட்டாய்வில் ஈடுபட்ட நாடுகளுள் இந்தியா, கொலம்பியா, பிலிப்பைன்ஸ், சூடான் ஆகிய நான்கில் எடுத்த ஒரு கணக்கு இன்றும் நினைவில் கொள்ளத்தக்கது. சாதாரண சுகாதார நிலையங்களுக்கு வந்த 1,624 நோயாளிகள் ஆராயப்பட்டனர். அவர்களுள் 13.9 சதவீதத்தினர்க்கு மனநலக் கோளாறு இருந்தது. ஆனால், அவர்களுள் பெரும்பாலோர் மனக்குறையைச் சொல்லி வரவில்லை. தலைவலி, வயிற்றுவலி, இருமல், உடல் தளர்ச்சி என்றே சொல்லி வந்தனர். நிலையத்துப் பணியாளர்களோ மூன்றில் ஒரு பங்கினரை மட்டுமே சரியாக இனங்கண்டனர். 1980-இல் வெளியான இம்முடிவுகள் ஓர் உண்மையைத் தெளிவாக்கின. மனநோயாளிகள் ஆரம்ப சுகாதார நிலையத்திற்குப் புதிதாக வரவேண்டியவர்கள் அல்லர், ஏற்கெனவே வந்துகொண்டிருப்பவர்களே. இனங்காணப்படாமல், சத்து மாத்திரையும் வலி மாத்திரையும் பெற்றுத் திரும்பிச் செல்பவர்கள் அவர்கள்.

1978-இல் அல்மா-ஆட்டாவில் கூடிய பன்னாட்டு மாநாடு, ஆரம்ப சுகாதாரப் பணியின் கூறுகளுள் ஒன்றாக மனநல மேம்பாட்டையும் கருதத் தூண்டியது. சக்கலவாராவிலும் ராய்ப்பூர் ராணியிலும் கண்ட பயன், பயிற்சி நூல்களாகவும் பாடத்திட்டமாகவும் உருப்பெற்றது. மருத்துவ அலுவலர்க்கு ஒரு கையேடும், பல்நோக்குப் பணியாளர்க்கு வேறொரு கையேடும் வகுக்கப்பட்டன. பணியாளர் நோயைப் பெயரிட்டுச் சொல்ல வேண்டியதில்லை. தனக்குத்தானே பேசித் திரிபவர், உறக்கமும் உணவும் இழந்து ஒதுங்கியிருப்பவர், வலிப்பு வருபவர் ஆகியோரை அடையாளம் கண்டு, மருத்துவரிடம் சேர்ப்பித்து, மருந்து நிற்காமல் பார்த்துக்கொண்டால் போதுமானது.

பெல்லாரி மாவட்டம்

1982 ஆகஸ்டில் மத்திய சுகாதாரக் குழு தேசிய மனநலத் திட்டத்தை ஏற்றுக்கொண்டது. குறைந்த அளவு மனநலச் சிகிச்சை அனைவர்க்கும், குறிப்பாக நலிந்த பிரிவினர்க்குக் கிட்டச் செய்தல். பொதுச் சுகாதாரத்திலும் சமூக வளர்ச்சிப் பணிகளிலும் மனநல அறிவைப் பயன்படுத்துதல். இப்பணியில் மக்களைப் பங்கேற்கச் செய்தல் என்பன அதன் மூன்று நோக்கங்கள். வருவாய் குறைந்த நாடொன்று இத்தகைய தேசியத் திட்டத்தை அவ்வளவு முன்னதாக வகுத்தது குறிப்பிடத்தக்கது.

திட்டத்திற்குச் செயல்வடிவம் காண, கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் 1985-இல் முன்னோடி முயற்சி தொடங்கியது. மாவட்டத்தின் மருத்துவ அலுவலர்களும் சுகாதாரப் பணியாளர்களும் பயிற்சி பெற்றனர். இன்றியமையாத சில மருந்துகள் நிலையங்களில் இருப்பு வைக்கப்பட்டன. மாவட்டத் தலைநகரில் ஒரு மனநலக் குழு அமைந்தது. மாதந்தோறும் அறிக்கை பெறும் முறை ஏற்பட்டது. மாவட்ட நிர்வாகமும் இப்பணியைத் தன் பணியாகக் கருதி ஒத்துழைத்தது. மனநலச் சிகிச்சை ஒரு மாவட்டம் முழுவதும் பரவலாகக் கிடைக்கக் கூடியதே என்பதைப் பெல்லாரி மெய்ப்பித்தது.

இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். பெல்லாரியின் வெற்றிக்குக் காரணம் பயிற்சி மட்டுமன்று. பயிற்சி, மருந்து, மேற்பார்வை, அறிக்கை என்ற நான்கும் ஒருசேர இயங்கின. இவற்றுள் எந்த ஒன்று தவறினாலும் ஏனைய மூன்றும் வீணாகும்.

விரிவும் தேக்கமும்

பெல்லாரியை முன்மாதிரியாகக் கொண்டு, 1996-இல் மாவட்ட மனநலத் திட்டம் ஆந்திரப் பிரதேசம், அசாம், இராசசுத்தான், தமிழ்நாடு ஆகிய நான்கு மாநிலங்களில் மாநிலத்திற்கு ஒரு மாவட்டமாகத் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் திருச்சிராப்பள்ளி அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. பின்னர் ஐந்தாண்டுத் திட்டங்கள்தோறும் விரிந்து, இன்று 700-க்கும் மேற்பட்ட மாவட்டங்கள் இத்திட்டத்தின்கீழ் வந்துள்ளன. எண்ணிக்கையில் இது பெரும் வளர்ச்சியே. ஆயினும், 2015-16 தேசிய மனநல ஆய்வு காட்டிய நிலைமை கவலைக்குரியது. வயது வந்தோரில் 10.6 சதவீதத்தினர்க்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருந்தது. சிகிச்சை பெறாதோர் பங்கு, நோயின் வகைக்கேற்ப, 70 முதல் 92 சதவீதம் வரை இருந்தது.

திட்டம் பரவியும் சிகிச்சை பரவாதது ஏன்? முதற் காரணம், ஒருங்கிணைப்பு என்ற சொல்லின் பொருள் நடைமுறையில் மாறிப்போனதாகும். மனநல மருத்துவர் மாதம் ஒருமுறையோ இருமுறையோ குறித்த ஊர்களுக்குச் சென்று நோயாளிகளைக் கண்டு திரும்புவதே பல மாவட்டங்களில் திட்டத்தின் முகமாயிற்று. இது பயனற்றது என்று சொல்வதற்கில்லை. நெடுந்தொலைவு பயணம் செய்ய இயலாதோர்க்கு இது பெரும் உதவியே. ஆனால், இது சிறப்பு மருத்துவரை இடம் மாற்றுவதாகுமேயன்றி, பணியை இடம் மாற்றுவதாகாது. அவர் வராத மாதத்தில் நிலையத்து மருத்துவர் அந்நோயாளியைத் தம் நோயாளி என்று கருதுவதில்லை. மனநல நாள் என்று ஒரு நாள் குறிக்கப்பட்டவுடன், மற்ற நாள்கள் மனநலம் இல்லாத நாள்களாகி விடுகின்றன.

இரண்டாவது காரணம், மருந்து இடையறவு. வலிப்பு நோய்க்கும் மனச்சிதைவு நோய்க்கும் மருந்து நீண்ட காலம் தொடர வேண்டும். வலிப்பு மருந்து திடீரென நின்றால் வலிப்பு அடுத்தடுத்து வரக்கூடும். மனச்சிதைவுக்கான மருந்து நின்றால் நோய் மீளும் வாய்ப்புப் பெருகும். கூலி வேலை செய்யும் ஒரு குடும்பம், நோயாளியும் துணைக்கு ஒருவருமாக இரு நாட்கூலியை இழந்து, பேருந்துக் கட்டணமும் செலுத்தி நிலையத்தை அடைகின்றது. அங்கு மருந்து வரவில்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்ற விடை கிடைக்கின்றது. இரண்டாம் முறையும் இவ்விடையே கிடைத்தால் மூன்றாம் முறை அக்குடும்பம் வருவதில்லை. கிடங்கில் ஏற்பட்ட ஒரு மாதத் தாமதம், ஒரு மனிதரின் பல ஆண்டு முன்னேற்றத்தை அழித்து விடுகின்றது. இந்நோய்க்கு மருத்துவம் பலிப்பதில்லை என்ற பழைய நம்பிக்கையும் ஊரில் மீண்டும் வேரூன்றுகின்றது.

மூன்றாவது, பணியாளர் நிலையின்மை. பயிற்சி பெற்ற மருத்துவ அலுவலர் மாற்றலாகிச் செல்கின்றார். புதிதாக வருபவர்க்குப் பயிற்சி இல்லை. திட்டத்தின் சிறப்புப் பதவிகள் காலியாகக் கிடக்கின்றன. ஒதுக்கிய நிதி செலவாகாமல் திரும்புகின்றது. நான்காவது, மேற்பார்வையின்மை. தடுப்பூசி, மகப்பேறு ஆகியவற்றின் எண்ணிக்கை மாதந்தோறும் கேட்கப்படுகின்றது. மனநோயாளி எத்தனை பேர் மருந்தைத் தொடர்கின்றனர் என்ற கேள்வியோ அரிதாகவே எழுகின்றது. கேட்கப்படாத கணக்கு எழுதப்படுவதில்லை. எழுதப்படாத பணி காலப்போக்கில் செய்யப்படுவதுமில்லை.

இருவகை நோய், இருவகைப் பணி

மனநோய் அனைத்தும் ஒரே தன்மையுடையன அல்ல. மனச்சிதைவு, வலிப்பு ஆகியவற்றிற்கு மருந்தும் தொடர்கண்காணிப்பும் அடிப்படையாகும். மனச்சோர்வும் மனப்பதற்றமும் இவற்றினும் பன்மடங்கு மிகுதியாகக் காணப்படுபவை. அவற்றுள் பெரும்பகுதிக்கு, நோயாளி சொல்வதைக் கேட்டு, அவருடன் கலந்து பேசி வழிகாட்டும் ஒருவரின் நேரமே முதல் மருந்தாகும். அந்த நேரத்தை, ஒரு காலைப் பொழுதில் நூற்றுக்கு மேற்பட்டோரைப் பார்க்க வேண்டிய மருத்துவரிடம் எதிர்பார்த்தல் பொருந்தாது. ஆகவே, பணியைப் பகிர்தல் என்பது மனநல மருத்துவரிடமிருந்து பொது மருத்துவரிடம் வந்து நின்றுவிடாமல், அவரிடமிருந்து மேலும் ஒருபடி இறங்கிச் செல்ல வேண்டும்.

கோவாவில் நடந்த ஆய்வு ஒன்று இதற்குச் சான்று. டாக்டர் விக்ரம் பட்டேலும் அவர் குழுவினரும் மேற்கொண்ட அவ்வாய்வின் முடிவுகள் 2010-இல் வெளியாயின. மனநலத்துறையில் முன் பயிற்சி இல்லாத உள்ளூர்ப் பெண்கள் ஆலோசகர்களாகப் பயிற்றுவிக்கப்பட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் அமர்த்தப்பட்டனர். மருந்து தேவைப்படுவோரை நிலையத்து மருத்துவர் கவனித்தார். கடுமையான நிலையில் உள்ளோரை மனநல மருத்துவர் கண்டார். அரசு நிலையங்களுக்கு வந்தோருள் ஆலோசகர் இருந்த இடங்களில் 65.9 சதவீதத்தினர் ஆறு மாதத்தில் குணமடைந்தனர். வழக்கமான சிகிச்சை மட்டும் இருந்த இடங்களில் இவ்விகிதம் 42.5 ஆகவே இருந்தது. இதே ஏற்பாடு தனியார் மருத்துவரிடம் சென்றோரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாட்டைத் தோற்றுவிக்கவில்லை. ஆலோசகரின் வரவு மிகுந்த பயன் தந்தது ஏழை மக்கள் நாடும் அரசு நிலையத்தில்தான் என்பது திட்டமிடுவோர் கருத்தில் கொள்ளத்தக்கது.

இந்தியாவிற்கு வெளியே, வளம் இன்னும் குறைந்த நாடொன்றிலும் இத்தகைய அனுபவம் உண்டு. ஜிம்பாப்வேயின் தலைநகர் ஹராரேயில் டாக்டர் டிக்சன் சிபாண்டா 2006-இல் தொடங்கிய முயற்சி, நட்பு விசிப்பலகை என்ற பொருள்படும் பெயரால் அறியப்படுகின்றது. சுகாதார நிலையத்து வளாகத்தில் ஒரு மர விசிப்பலகை இடப்பட்டிருக்கும். அதில், நிலையத்தில் பணியாற்றும் மூதாட்டி ஒருவர் வருவோருடன் அமர்ந்து, அவர்களுடைய இன்னல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து வழிகாண உதவுவார். மனச்சோர்வு என்ற மருத்துவப் பெயர் அங்கு வழங்குவதில்லை. அளவுக்கு மீறி எண்ணி மாய்தல் என்னும் பொருள்தரும் ஷோனா மொழிச் சொல்லாகிய குஃபுங்கிசிசா என்பதே வழங்குகின்றது. 24 நிலையங்களில் 573 பேரிடையே நடத்திய சோதனையின் முடிவு 2016-இல் வெளியானது. மூதாட்டியரிடம் பேசியோர்க்கு ஆறு மாதத்தில் நோய்க்குறிகள் தெளிவாகக் குறைந்திருந்தன. மக்கள் தம் துன்பத்தைச் சொல்லும் சொல்லிலேயே சிகிச்சை தொடங்க வேண்டும் என்பதும் இதனால் விளங்கும்.

இந்தியாவிலிருந்து மேலும் இரு அனுபவங்களை ஒப்பிட்டுக் காணலாம். மகாராட்டிரத்தில், உழவர் தற்கொலைகளால் துயருற்ற விதர்பப் பகுதியின் அமராவதி மாவட்டத்தில் 30 சிற்றூர்களில் ஒரு திட்டம் நடைபெற்றது. ஊர்ப் பணியாளர்கள் வீடுவீடாகவும் சிறு கூட்டங்களிலும் மனச்சோர்வு பற்றி எடுத்துரைத்து, ஆலோசகரிடம் ஆற்றுப்படுத்தினர். மனச்சோர்வுற்றோருள் சிகிச்சை நாடியோர் தொடக்கத்தில் 4.3 சதவீதம்; 18 மாதங்களுக்குப்பின் 27.2 சதவீதம். மத்தியப் பிரதேசத்தின் சீகூர் மாவட்டத்தில் நடந்த மற்றொரு திட்டமோ பெரும்பாலும் மருத்துவ நிலையங்களை மையமாகக் கொண்டது. அங்குச் சிகிச்சை பெற்றவர்கள் நலம் அடைந்தனர். ஆனால், மாவட்ட மக்களிடையே சிகிச்சை நாடுவோர் விகிதத்தில் குறிப்பிடத்தக்க மாறுதல் ஏற்படவில்லை. நிலையத்திற்குள் சிகிச்சையைச் செம்மைப்படுத்தினால் வந்தவர் பயன் பெறுவர். வாராதவரை வரவழைக்க ஊருக்குள் செல்லுதல் வேண்டும்.

ஏர்வாடி நிகழ்ச்சியும் புதிய சட்டமும்

அருகில் சிகிச்சை இல்லாதபோது மக்கள் வாளாவிருப்பதில்லை. கிடைத்த வழியை நாடுகின்றனர். கோயில், தர்கா முதலிய வழிபாட்டிடங்களில் ஆறுதல் தேடுதல் அவற்றுள் ஒன்று. அவ்வாறு வந்தோரை அடைத்து வைத்த தனியார் காப்பகங்களும் தோன்றின. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள், அத்தகைய காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த நோயாளிகள் தப்பி ஓட இயலாமல் 28 பேர் மாண்டனர். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து இதனை விசாரித்தது. அவர்களுள் பலர் தத்தம் ஊரிலேயே மாதந்தோறும் மருந்து பெற்று வாழ்ந்திருக்கக் கூடியவர்கள் என்பதை எண்ணும்போது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு மருந்து இல்லாமற் போவதன் விலை எத்துணைப் பெரிது என்பது புலனாகும்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அது மனநலச் சிகிச்சையை ஒவ்வொருவரின் உரிமையாக்குகின்றது. மனநலப் பணியை ஆரம்ப நிலை உள்ளிட்ட எல்லா நிலைகளிலும் பொது மருத்துவத்துடன் இணைக்கும் கடமையை அரசுகளுக்கு விதிக்கின்றது. நோயாளி நெடுந்தொலைவு பயணம் செய்யும் நிலை இருத்தலாகாது என்றும், இன்றியமையாத மருந்துகள் அரசு மருத்துவ நிலையங்களில் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும் என்றும் கூறுகின்றது. நோயாளியைச் சங்கிலியால் பிணித்தலை அறவே தடை செய்கின்றது. 1982-இல் கொள்கையாக இருந்தது இன்று சட்டமாகியுள்ளது. நிலையத்தில் மருந்து இல்லாமை இனி நிர்வாகக் குறை மட்டுமன்று, உரிமை மறுப்புமாகும்.

எழக்கூடிய ஐயங்கள்

ஏற்கெனவே பணிச்சுமையால் வருந்தும் சுகாதாரப் பணியாளர்மீது மேலும் ஒரு சுமையை ஏற்றலாமா என்பது நியாயமான கேள்வி. ஆனால், இனங்காணப்படாத மனநோயாளி பணிச்சுமையைக் குறைப்பதில்லை, கூட்டுகின்றார். தலைவலிக்கென்றும் உடல்வலிக்கென்றும் அவர் திரும்பத் திரும்ப வருகின்றார். மேலும், நெடுங்காலச் சிகிச்சையைப் பின்தொடரும் கலை இந்தியச் சுகாதாரத் துறைக்குப் புதிதன்று. காசநோய்க்கு 1962 முதல் தேசியத் திட்டம் உண்டு. தொழுநோய்க்குப் பல்மருந்துச் சிகிச்சை 1980-களில் தொடங்கிப் படிப்படியாக ஊர்தோறும் எட்டியது. நோயாளி ஒருவர் மருந்து வாங்க வாராவிடில் பதிவேட்டைப் பார்த்து அவர் வீட்டிற்கே பணியாளர் செல்லும் முறை இத்திட்டங்களால் நிலைபெற்றது. தொழுநோயாளியும் ஒருகாலத்தில் ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டவரே. அவரும் ஊரிலேயே மருந்து பெறும் நிலை வந்தது. அதே பதிவேடும் அதே வீட்டுச் சந்திப்பும் மனநோயாளிக்கும் உரியனவாகத் தடை ஏதும் இல்லை.

குறுகிய பயிற்சி பெற்றோரிடம் மருந்தை ஒப்படைத்தால் தூக்க மாத்திரைகள் வரைமுறையின்றி வழங்கப்படலாம் என்ற அச்சமும் உண்டு. இது பொருளற்ற அச்சமன்று. இதற்கு மாற்று, பணியைப் பகிராமல் விடுவதன்று, தொடர்ந்த மேற்பார்வையே. மனநல மருத்துவர் தம் நேரத்தின் ஒரு பகுதியை நோயாளிகளைக் காண்பதிலிருந்து விடுவித்து, மருத்துவ அலுவலர்களுடன் அமர்ந்து பதிவேடுகளை ஆராயவும் ஐயந்தீர்க்கவும் செலவிடல் வேண்டும். வறுமையும் கடனும் குடிப்பழக்கமும் விளைத்த துயரத்தை மாத்திரையால் தீர்க்க முயல்வதா என்று கேட்போரும் உளர். மாத்திரையால் கடன் அடைவதில்லை என்பது உண்மை. ஆயினும், மனச்சோர்வில் மூழ்கியவர் கடனுக்கு வழி காணும் ஆற்றலையும் இழக்கின்றார். அவ்வாற்றலை மீட்டுத் தருதல் மருத்துவத்தின் பணி. பிற நலத்திட்டங்களுடன் அவரை இணைத்தல் நிர்வாகத்தின் பணி.

செய்யத்தக்கவை

2018 முதல் துணை சுகாதார நிலையங்கள் விரிவுபெற்று, இன்று ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர் என்ற பெயரில் இயங்குகின்றன. அவற்றின் பணிகளுள் மனநலமும் சேர்க்கப்பட்டுள்ளது. சமுதாய சுகாதார அலுவலர் என்ற புதிய பதவியும் ஏற்பட்டுள்ளது. 2022 அக்டோபர் முதல் டெலி-மானஸ் என்னும் தொலைபேசி ஆலோசனைச் சேவை 14416 என்ற எண்ணில் இயங்கி வருகின்றது. இவை நல்ல அடித்தளங்கள். ஆனால், 2023-24-ஆம் ஆண்டின் மத்திய சுகாதார ஒதுக்கீட்டில் மனநலத்தின் பங்கு ஏறக்குறைய ஒரு சதவீதமே; அதிலும் பெரும்பகுதி உயர்நிலை நிறுவனங்களுக்குரியது. நிறுவனங்கள் வளர்தல் வேண்டும். அவற்றின் பயன் சிற்றூரை அடைய, இடைப்பட்ட பாதைக்கும் நிதி வேண்டும்.

ஐம்பது ஆண்டு அனுபவம் சுட்டும் நடைமுறைகள் சிலவே. மனநோய்க்கும் வலிப்பு நோய்க்கும் உரிய சில மருந்துகள், எந்த மாதத்திலும் இருப்பு அறாத வகையில் கொள்முதல் செய்யப்பட வேண்டும். இருப்புக் குறையும் முன்னரே அறிவிக்கும் பொறுப்பு ஒருவரிடம் இருத்தல் வேண்டும். புதிதாகப் பணியேற்கும் ஒவ்வொரு மருத்துவ அலுவலர்க்கும் மனநலப் பயிற்சி பணியேற்பின் ஒரு பகுதியாக அமைதல் வேண்டும். சமுதாய சுகாதார அலுவலரும் ஆஷா பணியாளரும் மனச்சோர்வுற்றோருடன் கலந்துரையாடும் முறையைப் பயில வேண்டும். அதற்கு உரிய நேரமும் ஊதியமும் அளிக்கப்பட வேண்டும். மாவட்ட மாதாந்திரக் கூட்டத்தில், புதிதாகக் கண்டறியப்பட்டோர் எத்தனை பேர் என்பதோடு, சென்ற ஆண்டு சிகிச்சை தொடங்கியோருள் இன்றும் மருந்தைத் தொடர்வோர் எத்தனை பேர் என்ற கேள்வியும் கேட்கப்பட வேண்டும்.

இவற்றுள் புதிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. பெரும் கட்டடங்களும் வேண்டியதில்லை. பெல்லாரியில் ஒரு மாவட்டம் செய்து காட்டியதை ஒவ்வொரு மாவட்டமும் ஒவ்வொரு மாதமும் தவறாமல் செய்தலே வேண்டுவது. முகாம் நடத்துவது எளிது; விழா எடுப்பதும் எளிது. பதிவேட்டில் பெயர் உள்ள ஒருவர் இம்மாதம் வரவில்லை என்பதைக் கவனித்து, மறுநாள் அவர் வீட்டு வாயிலுக்கு ஒருவரை அனுப்புவது அத்துணை எளிதன்று. அதனை அன்றாடக் கடமையாகச் செய்யும் நிலையத்தில்தான் மனநலப் பணி மெய்யாகவே இணைந்துள்ளது எனக் கொள்ளலாம்.